24-ஆம் தேதிச் சாயங்காலம்

கிறிஸ்துமஸ் அன்று எங்கள் ஊர்க் கோயிலில் அதிகாலை 4 மணிக்கு ஆராதனை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று பாய் விரித்துத் தரையில் உட்காருவோம். எனக்கு எப்போதும் கடைசி வரிசை. மூன்று இரவு கண் விழித்தவன் தூணில் சாய்ந்துகொள்ளத் தோதான இடம் அது. அங்கிருந்து பார்த்தால் முதுகுகள்தாம் தெரியும். பாதி முதுகுகளில் இருப்பது நான் தைத்த துணி. யார் சட்டையில் தோள்பட்டை ஒரு நூல் இறங்கியிருக்கிறது, எந்தப் பையனுக்குக் காலர் தூக்கி நிற்கிறது என்று கண் தானாகவே போகும். குருவானவரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்றுதான் சொல்வோம். ஐயர் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருப்பார்; நான் தையலைப் பார்த்துக்கொண்டிருப்பேன், இல்லையென்றால் தூங்கிப்போயிருப்பேன். ஊரையே பண்டிகைக்கு உடுத்தி அனுப்பிவிட்டு நான் மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டேன் என்பது பல வருடம் எனக்கு உறைக்கவில்லை.

ஏரலிலிருந்து சற்றுத் தள்ளி, நாசரேத்துக்குப் போகிற வழியில் இருக்கிறது எங்கள் ஊர். 1981-இல், 14 வயதில், காஜா எடுக்கிற பையனாகத் தையல் கடையில் சேர்ந்தேன். மாஸ்டர் நாசரேத்துத் தொழிற்பள்ளியில் படித்தவர். கேனன் மர்காஷியஸ் ஐயர் 1878-இல் தொடங்கிய பள்ளி அது. தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு ஆதரவில்லாமல் நின்ற பிள்ளைகளின் கையில் ஒரு தொழிலைக் கொடுத்த இடம். மாஸ்டருக்கு அதில் பெருமை உண்டு. கத்திரியை எடுக்கும்போதெல்லாம் ஒரு நொடி கண்ணை மூடுவார். அது ஜெபம் என்று எனக்குத் தெரிய இரண்டு வருடம் ஆனது.

முதல் மூன்று மாதம் அவர் என்னைத் தைக்க விடவில்லை. பிரிக்கத்தான் விட்டார். கோணிப்போன தையல், அளவு மாறிய கை, உப்பிப்போன காலர் எல்லாம் என்னிடம் வரும். துணியில் ஓர் இழைகூட அறுபடாமல் நூலை மட்டும் உருவ வேண்டும். பிளேடை வைத்து ஒரே இழுப்பில் கிழித்தால் சீக்கிரம் முடியும் என்று ஒரு நாள் அப்படிச் செய்தேன். துணியில் ஓட்டை விழுந்தது. அவர் அடிக்கவில்லை. அந்தச் சட்டையை எடுத்து, ஓட்டையின் மேல் பாக்கெட் வருகிற மாதிரி மாற்றி வெட்டிவிட்டு, "பிரிக்கத் தெரியாதவன் தைக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

1989-இல் தனியாகக் கடை போட்டேன். அந்த நாளில் எங்கள் ஊரில் புதுத்துணி என்றால் வருடத்துக்கு ஒரு முறை, கிறிஸ்துமஸுக்கு. தகப்பனும் மூன்று பையன்களும் ஒரே தானில் கிழித்த துணியில் சட்டை போட்டு வரிசையாகக் கோயிலுக்குப் போவார்கள். பெண்பிள்ளைகளுக்குக் கவுன், கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குப் பாவாடை சட்டை. அம்மாமார் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள்: "வளர்ற பிள்ளை, தாராளமா வச்சுத் தையுங்க." டவுசர் அடியிலும் கவுன் அடியிலும் இரண்டு இஞ்ச் உள்மடிப்பு விடுவேன். அடுத்த வருடம் அதைப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். அந்த மடிப்பைப் பிரிக்கச் சொல்லி ஒரு பிள்ளை மறு வருடம் கடைக்கு வந்தால் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிறைவு. பிள்ளை வளர்ந்திருக்கிறது. அதற்குமேல் என்ன வேண்டும்?

நவம்பர் கடைசியில் துணி வரத் தொடங்கும். டிசம்பர் 5-க்குமேல் வாங்க மாட்டேன் என்று போர்டு எழுதித் தொங்கவிடுவோம், ஆனாலும் வாங்குவோம். தெரிந்தவர், சொந்தக்காரர், ஐயர் வீட்டுத் துணி என்று வந்துகொண்டே இருக்கும். 15-ஆம் தேதிக்குப் பிறகு தூக்கம் கிடையாது. கேரல் ரவுண்ட்ஸ் போகிற வாலிபர்கள் நடுராத்திரியில் கடை வாசலில் நின்று பாடிவிட்டுப் போவார்கள். பாட்டு முடியும்வரை மெஷினை நிறுத்தக்கூட எனக்கு மனம் வராது. பாடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு கை ஏற்றிவிடலாமே என்றுதான் கணக்கு ஓடும்.

என் மனைவி இடையன்குடிக்காரி. எங்களுக்குக் கல்யாணம் நடந்ததும் அந்த ஊர்க் கோயிலில்தான். கால்டுவெல் ஐயர் 1847-இல் தொடங்கி 1880-இல் முடித்த கோயில் அது. 33 வருடம். அவருடைய மனைவி எலைசா அம்மாள் அந்த ஊர்ப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். என் மனைவியின் ஆச்சியும் அப்படிப் பின்னிப் பழகியவர்தான். திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. ஒரு சாண் லேஸுக்கு ஒரு நாள் போய்விடுமாம். டிசம்பரில் நான் எரிந்துவிழும்போதெல்லாம் அவள், "எங்க ஊர்ல ஒரு கோயிலுக்கு 33 வருசம் பொறுத்திருந்தாவ. உங்களுக்கு மூணு நாளு பொறுக்கல" என்பாள். எனக்கு அது அப்போது பேச்சாகத்தான் பட்டது.

1997-ஐ நான் மறக்க முடியாது. டிசம்பர் 24, சாயங்காலம் ஆறு மணி இருக்கும். இன்னும் பதினொரு உருப்படி பாக்கி. காஜா பையனுக்குக் காய்ச்சல். அந்த நேரத்தில் ஓர் ஆச்சி பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். வெள்ளையில் நீலக் கோடு போட்ட சட்டைத் துணி, டவுசருக்கு நீலத் துணி. அவளுடைய மகன் பனையேறி. அதற்கு முந்தின வருடம் பனையிலிருந்து விழுந்து செத்துப்போனான். புருஷனை இழந்தது அதற்கும் முன்னால். ஓலைப்பெட்டி முடைந்துதான் பேரனை வளர்த்தாள்.

"டெய்லர் தம்பி, இவனுக்கு ஒரு சட்டை டவுசர்..."

"ஆச்சி, மணி என்ன ஆகுதுன்னு பாத்தியளா? ஒரு மாசமா எங்க போயிருந்திய?"

"கருப்பட்டி இன்னைக்குத்தான் வித்துச்சு தம்பி."

பனைக்காரர் வீடுகளில் இது புதிதல்ல. பதநீர் ஓய்ந்த மாதங்களில் கையில் காசு இருக்காது. காய்ச்சி வைத்த கருப்பட்டியை மழைக்காலம்வரை புகைப்பரணில் காப்பாற்றி, விலை ஏறுகிறபோது விற்றால்தான் நாலு காசு. அது எனக்கு நன்றாகத் தெரியும். என் அப்பா வழியில் எல்லாரும் பனையேறிகள்தாம். தெரிந்தும், "இப்ப முடியாது, போங்க" என்று கத்தினேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அவள் ஒன்றும் பேசவில்லை. துணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் ஆராதனையில் வழக்கம்போல முதுகுகளைப் பார்த்தேன். அந்தப் பையன் பள்ளிக்கூட யூனிஃபார்மில் உட்கார்ந்திருந்தான். துவைத்து, மடிப்புக் கலையாமல் போட்டிருந்தான். நான் தைத்த துணிகளுக்கு நடுவில் நான் தைக்காத அந்த ஒரு சட்டை. அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்டாள்: "அப்போஸ்தலர் நடபடிகள்ல தொற்காள் கதை தெரியும்லா? யோப்பா பட்டணத்துல அவ செத்தப்ப, விதவைகள் அவ தச்சுக் குடுத்த துணியை எல்லாம் பேதுருகிட்டக் காட்டிக் காட்டி அழுதாவ. உங்ககிட்ட வந்த விதவை, தைக்காத துணியைக் கக்கத்துல வச்சுகிட்டுப் போயிருக்கா."

அவ்வளவுதான் சொன்னாள். 26-ஆம் தேதி காலையில் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு அந்த ஆச்சி வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. "அளவு எடுக்க வந்தேன்" என்றேன். அவள் பேரனைக் கூப்பிட்டு நிறுத்தினாள். புதுவருட ஆராதனைக்கு அந்தப் பையன் கோடு போட்ட சட்டை போட்டு வந்தான். உள்மடிப்பு மூன்று இஞ்ச் விட்டிருந்தேன். கூலி வேண்டாம் என்றேன், அவள் கேட்கவில்லை. காசு வாங்காவிட்டால் இதையாவது பிடி என்று ஒரு கொட்டான் கருப்பட்டியைக் கடையில் வைத்துவிட்டுப் போனாள். பிப்ரவரிவரை அந்தக் கருப்பட்டியில்தான் எங்கள் வீட்டில் காப்பி.

அந்த வருடத்திலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். 24-ஆம் தேதி மதியத்தோடு புத்தகத்தில் எழுதிய வேலை எல்லாம் முடிந்தாக வேண்டும். அதற்கேற்ற அளவுக்குத்தான் துணி வாங்குவது. சாயங்காலம் மெஷினில் எண்ணெய் போட்டு, பாபினில் வெள்ளை நூல் சுற்றி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். காசு கடைசி நாளில் கைக்கு வருகிறவர்களுக்கான நேரம் அது. சில வருடம் நாலு பேர் வருவார்கள். சில வருடம் ஒருவரும் வர மாட்டார்கள். முதல் இரண்டு மூன்று வருடம் அந்தச் சும்மா இருத்தல் எனக்குக் கொடுமையாக இருந்தது. கை பரபரக்கும். வருமானம் போகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும். பிறகு மெல்ல மெல்லத் தெருவைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். வீடுகளில் நட்சத்திரம் ஏற்றுகிறார்கள். முறுக்குச் சுடுகிற எண்ணெய் வாசம். கேரல் வாலிபர்கள் வந்தால் எழுந்து நின்று கேட்கிறேன்.

கோயிலில் பீடத்துக்கும் பிரசங்க மேடைக்கும் விரிக்கிற துணிகளை எனக்கு முன்னால் மாஸ்டர்தான் தைத்துக்கொடுத்தார். அவருக்குப் பிறகு அது என் வேலையானது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு ஞாயிறும் அட்வென்ட். ஊதா விரிக்க வேண்டும். பண்டிகை அன்று வெள்ளை. ஊதா காத்திருப்பின் நிறம் என்று ஐயர் ஒருமுறை சொன்னார். ஒவ்வொரு டிசம்பரிலும் அந்த ஊதாத் துணிக்கு முன்னால் நாலு வாரம் உட்கார்ந்திருக்கிறேன். நானே ஓரம் அடித்த துணி. அது எதற்காகத் தொங்குகிறது என்று யோசிக்க எனக்கு முப்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

2023 டிசம்பர் 17, ஞாயிறு. காலையில் பிடித்த மழை நிற்கவே இல்லை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது என்று பிற்பாடு கேள்விப்பட்டோம். வருடம் முழுவதற்குமான மழை ஒரு பகலிலும் ஒரு ராத்திரியிலும். தாமிரபரணி கரை மீறியது. ஏரல் கடைத்தெரு மூழ்கியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. என் கடையில் இடுப்பளவு தண்ணீர். மனைவி அளவு நோட்டைப் பாலித்தீன் பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டாள். அதைத் தவிர எதையும் எடுக்க முடியவில்லை.

தண்ணீர் வடிந்து கடையைத் திறந்தபோது 20-ஆம் தேதி ஆகிவிட்டது. ஓவர்லாக் மெஷின் மோட்டார் எரிந்துபோயிருந்தது. வெட்டிக் கட்டி வைத்திருந்த 38 உருப்படிகள் சேற்றில் கிடந்தன. தையல்காரனாக இல்லாதவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். ஒரு சட்டை என்பது வெட்டிய பிறகு முதுகு, இரண்டு முன்பக்கம், தோள்பட்டி, இரண்டு கை, காலர், பாக்கெட் என்று எட்டுப் பத்துத் துண்டு. எந்தத் துண்டு யாருடையது என்று எழுதிச் செருகிய சீட்டுகளில் மை கரைந்து வெறும் காகிதமாகியிருந்தது. சாக்குக் கோடுகள் அழிந்துவிட்டன. ஒன்றின் சாயம் மற்றொன்றில் ஏறியிருந்தது. ஒரே தானில் மூன்று பிள்ளைகளுக்கு வெட்டியதில், எது மூத்தவன் கை, எது இளையவன் கை?

ஐயர் கோயிலைத் திறந்துவிட்டார். கோயில் மேட்டில் இருக்கிறது, தண்ணீர் ஏறவில்லை. வீடு இடிந்த ஏழெட்டுக் குடும்பம் ஏற்கெனவே அங்கேதான் தங்கியிருந்தது. துணிகளை மூன்று தண்ணீரில் அலசி, ஆலயத்துக்குள் கயிறு கட்டிக் காயப்போட்டோம். பிறகு துண்டுகளை ஒவ்வொன்றாகத் தரையில் விரித்து, டேப்பை வைத்து அளந்து, நோட்டோடு ஒத்துப் பார்த்தேன். தோள் பதின்மூன்றரை யார்? கை ஒன்பது யார்? நனைத்துக் காயவைக்காமல் வெட்டிய பருத்தி சுருங்கியிருந்தது; அதற்கும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் முழங்காலில் தவழ்ந்துகொண்டே இருந்தேன். மாஸ்டர் மூன்று மாதம் என்னைப் பிரிக்க வைத்தது இதற்குத்தான் என்று பட்டது. அவசரப்பட்டால் ஒன்றும் சேராது. ஒரு துண்டைக் கையில் எடுத்தால் அந்தத் துண்டு மட்டும்தான். அதன் சொந்தக்காரப் பிள்ளையின் முகம் நினைவுக்கு வரும், ஒரு வார்த்தை ஜெபம் பண்ணுவேன், அடுத்த துண்டு. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக நான் ஜெபித்ததில்லை.

கரண்ட் இல்லை. மோட்டார் மெஷின்கள் எல்லாம் கிடப்பில். மாஸ்டர் கடையை மூடியபோது எனக்குத் தந்த பழைய கால் மெஷினை வீட்டுப் பரணில் போட்டு வைத்திருந்தேன். அதை இறக்கி, மண்ணெண்ணெய் ஊற்றித் துருவைத் துடைத்து, எண்ணெய் போட்டால் ஓடியது. கோயில் தாழ்வாரத்தில் போட்டேன். தெருவில் இஸ்திரி போடும் அண்ணாச்சி, அவர் குடிசையே சாய்ந்துகிடந்த நிலையில், கரிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கரி நனைந்துபோயிருந்தது. தேங்காய்ச் சிரட்டைகளைப் பொறுக்கி எரித்துக் கங்கு போட்டோம். அவர் எங்கள் கோயிலுக்கு வருகிறவர் அல்ல, முத்தாரம்மனைக் கும்பிடுகிறவர். "பிள்ளைகளுக்குத்தான?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். தாழ்வாரத்தில் தங்கியிருந்த பெண்கள் தாங்களாகவே வந்து உட்கார்ந்து பித்தான் வைத்தார்கள், எம்மிங் பண்ணினார்கள். அதில் ஒருத்தியின் வீடு முழுவதுமாகப் போயிருந்தது. அவளை நான் வேண்டாம் என்றேன். "கையில ஊசி இருந்தா அழுகை வரல, அண்ணே" என்றாள்.

எல்லாருமே பொறுத்துக்கொண்டார்கள் என்று சொன்னால் அது பொய். நிச்சயதார்த்தத்துக்குக் கோட்டுத் துணி கொடுத்திருந்த ஒருவர் வந்து சத்தம் போட்டார். அவர் கோபம் நியாயம். விலையுள்ள துணி, பாழாகிவிட்டது. பதிலுக்கு ஒரு சொல் பேசாமல் கேட்டுக்கொண்டேன். சித்திரை மாதம்வரை தவணையாக அந்தக் காசைக் கொடுத்து முடித்தேன்.

பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் முதலில், பெரியவர்களுக்குப் பொங்கலுக்குள் என்று முடிவு பண்ணினோம். 24-ஆம் தேதி ஞாயிறு. ஆராதனை முடிந்து மதியத்துக்குள் 27 உருப்படி முடிந்தது. சாயங்காலம் எண்ணெய் போட்டு, வெள்ளை நூல் சுற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அந்த வருடம் யார் புதுத்துணி கொண்டு வரப்போகிறார்கள்? விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு சின்னப் பெண் வந்தாள். கையில் பள்ளிக்கூடச் சட்டை, தோளில் கிழிந்திருந்தது. வேறு துணி எல்லாம் ஆற்றோடு போய்விட்டதாம். உள்ளே ஒட்டுத்துணி கொடுத்து, வெளியே தெரியாமல் தைத்து, சிரட்டைக் கங்கில் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். அந்த மாலைக்கு அந்த ஒரு வேலைதான் வந்தது.

அதிகாலை ஆராதனை மெழுகுவத்தி வெளிச்சத்தில் நடந்தது. ஊதாவை எடுத்துவிட்டு வெள்ளை விரித்திருந்தார்கள். பெட்டியில் இருந்ததால் அது நனையவில்லை. தாழ்வாரத்தில் தங்கியிருந்த குடும்பங்களும் உள்ளே வந்து உட்கார்ந்தன. நான் வழக்கம்போலக் கடைசி வரிசை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் தையல் தெரியாது. முதுகுகள் வெறும் நிழலாக இருந்தன. பார்க்க ஒன்றும் இல்லாததால் கேட்டேன். லூக்கா 2-ஆம் அதிகாரம் வாசித்தார்கள். தாயார் பிள்ளையைத் துணியில் சுற்றி முன்னணையில் கிடத்துகிற இடம் வந்தது. எத்தனை வருடம் அந்த வாசிப்பு என் காதைக் கடந்து போயிருக்கும்! அளவு எடுக்காத துணி. வெட்டாத, தைக்காத துணி. பிறந்த அன்று ஆண்டவருக்குக் கிடைத்த உடுப்பு அவ்வளவுதான். சிலுவையடியில் சேவகர்கள் சீட்டுப்போட்டு எடுத்துக்கொண்ட அவருடைய அங்கியிலும் தையல் இல்லை என்று யோவான் எழுதுகிறார்.

என் தொழிலிலிருந்து ஒரு நூல்கூட வாங்கிக்கொள்ளாதவர், எனக்கு நாற்பது வருடம் சோறு போட்டிருக்கிறார். ஒரு கொட்டான் கருப்பட்டி, ஒரு கரிப்பெட்டி, வீடு இழந்தவள் வைத்த பித்தான்கள் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. தூணில் சாயாமல் உட்கார்ந்து, ஸ்தோத்திரம் என்று சொன்னேன். என் பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். கிறிஸ்துமஸ் ஆராதனையில் என் குரலை அவர் கேட்டதில்லை.

இப்போது ரெடிமேட்தான் எங்கும். டிசம்பரில் பதினைந்து உருப்படி வந்தால் அதிகம். மீதி நேரம் மடிப்பைப் பிரிப்பதும் இடுப்பைக் குறைப்பதும்தான் வேலை. கால் மெஷினை மறுபடி பரணில் ஏற்றவில்லை, கடை வாசலில் போட்டிருக்கிறேன். கிறிஸ்துமஸுக்குத் தைக்கக் கொடுப்பதென்றால் நவம்பரிலேயே கொண்டு வாருங்கள். பருத்தியாக இருந்தால் நனைத்துக் காயவைத்துக் கொடுங்கள். காசு கைக்கு வரத் தாமதமானால் 24-ஆம் தேதிச் சாயங்காலம் வாருங்கள். அந்த நேரத்துக்குப் புத்தகத்தில் யார் பெயரையும் எழுதுவதில்லை.